அடிபம்பில் கட்டிய கம்பி

ஆயுத பூசையன்று காலை ஒன்பது மணி வாக்கில் செய்தி வந்தது. அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த தன் வீட்டில், அமிர்தலிங்கம் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்து தன் சாமான்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். குறடு, திருப்புளி, சுத்தியல், உளி, டெஸ்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பலகையில் வரிசையாக அடுக்கியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் விபூதி இட்டு, சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாகிவிட்டது. அவன் மனைவி சிந்தாமணி பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்தாள். கற்பூரம் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போடாமல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தவர் நல்லுசாமி. மேலத்தெருவில் சிங்காரவேலு சாருக்கு அடுத்த வீட்டுக்காரர்.

"அமிர்தலிங்கம், ஒடனே கௌம்பு. சிங்காரவேலு சம்சாரம் டியூப்லைட்டத் தொடைக்கறேன்னு ஏறுச்சு. தூக்கி எறிஞ்சுட்டுது."

"உசுரு?"

"இருக்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. உள்ளங்கை வெந்து போச்சு, பேச்சு வரல. அது நீ மாட்டுன லைட்டுதானாமே."

அமிர்தலிங்கம் பலகையிலிருந்து டெஸ்டரையும் குறட்டையும் எடுத்தான்.

"பூசைக்கு வச்சத இன்னிக்குத் தொடக் கூடாதுங்க" என்றாள் சிந்தாமணி. "நாளைக்குத்தான் எடுக்கணும். வேற யாருகிட்டயாவது வாங்கிக்கங்க."

அவன் சட்டையை மாட்டி, இரண்டையும் பையில் சொருகிக்கொண்டான். குங்குமம் ஈரமாக விரலில் ஒட்டியது.

அமிர்தலிங்கம் ஒயர்மேன். அந்த ஊரில் அவன் கை படாத தெரு குறைவு. பழைய வீடுகளில் எல்லாம் வயரிங் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவரில் மரச் சட்டம் அடித்து, அதன் மேல் இரண்டே இரண்டு ஒயர் ஓடும். குண்டு பல்பு தொங்கிய காலத்துக்கு அது போதும். கறுப்பு ஹோல்டரில் பல்பு, தொடுவதற்கு இரும்பு என்று எதுவும் கிடையாது. பிறகு டியூப்லைட் வந்தது. நாலடி நீளத் தகரப் பட்டை, அதற்குள் சோக்கு. ஆனால் வயரிங் அதே இரண்டு ஒயர்தான். சோக்கு நாள்பட்டுச் சூடேறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் உரிந்து தகரத்தைத் தொட்டால் விளக்கு முழுவதும் கரண்ட் ஏறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. விளக்கு எப்போதும் போல எரியும். அதனால்தான் தகர விளக்கு மாட்டினால் மூன்றாவதாக ஒரு கம்பி வேண்டும். அது தகரத்திலிருந்து புறப்பட்டு மண்ணுக்குள் போக வேண்டும். கரண்ட் வழி தவறினால் அந்தக் கம்பி வழியே மண்ணுக்கு ஓடும், பீஸ் போகும், விளக்கு அணையும், ஆள் பிழைப்பான்.

அதற்கு முறையாகக் கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் குழாய் இறக்க வேண்டும். யாரும் அதற்குச் சம்மதிப்பதில்லை. விளக்கு மாட்ட வந்தவன் எதற்குக் கொல்லையைத் தோண்டுகிறான் என்று கேட்பார்கள். எல்லா ஒயர்மேன்களும் செய்ததையே அமிர்தலிங்கமும் செய்தான். ஒவ்வொரு வீட்டிலும் அடிபம்பு இருந்தது. பம்பின் இரும்புக் குழாய் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறங்கியிருந்தது. அதைவிட நல்ல எர்த்து எங்கே கிடைக்கும்? வெற்றுக் கம்பியைக் கொண்டுபோய்ப் பம்புக் கழுத்தில் சுற்றி முறுக்கிவிட்டு வந்துவிடுவான்.

சிங்காரவேலு வீட்டில் யாரும் இல்லை. எதிர் வீட்டுப் பெண் சாவியைக் கொடுத்தாள். நடுக்கூடத்தில் முக்காலி சாய்ந்து கிடந்தது. ஈரத் துணி சுவரோரம் கிடந்தது. அமிர்தலிங்கம் எட்டி டெஸ்டரைத் தகரத்தில் வைத்தான். அதற்குள் சிவப்பாக வெளிச்சம் வந்தது. பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கம்பி போன வழியே கொல்லைக்குப் போனான்.

பம்பு இல்லை. பம்பு இருந்த இடத்தில் சிமெண்டு பூசி, அதன் மேல் துவைக்கிற கல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாகத் தெருக் குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கம்பியின் முனை சுவரில் ஓர் ஆணியில் சுற்றப்பட்டு, அதில் ஒரு ரவிக்கை காய்ந்தது.

அமிர்தலிங்கம் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இது எதற்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் அவன் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. பம்பு வேண்டாமென்று கழற்றியவன் கம்பியையும் அவிழ்த்து ஒதுக்கமாகக் கட்டி வைத்திருக்கிறான். அதில் யாரைக் குற்றம் சொல்வது?

அப்போதுதான் அவனுக்குத் தங்கையின் நினைவு வந்தது. அவன் துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

கொளஞ்சியம்மாள் அவனுக்கு ஒரே தங்கை. அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பெற்றோர் வளர்த்த பிள்ளைகள் அவர்கள் இருவரும். சிம்னி விளக்கில் வளர்ந்தவர்கள். சிமெண்டு ஆலைக் குடியிருப்பு கட்டியபோது ஏணி பிடிக்கப் போன அமிர்தலிங்கம் அப்படியே வேலையைக் கற்றுக்கொண்டான். கொளஞ்சியை உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காட்டைத் தாண்டி இருந்த ஒரு சிறிய ஊரில் தர்மனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தர்மனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் முந்திரியும் கடலைக் காடும் இருந்தன. ஓட்டு வீடு. அவனுடைய அப்பா காலத்தில் போட்ட வயரிங்.

கொளஞ்சிக்கு வாய் அதிகம். பொட்டு வைப்பதில் அதைவிட அதிகம். ஆயுத பூசை வந்தால் அரிவாள், களைக்கொத்து, ஏர், படி என்று தொடங்கி, டார்ச்லைட், ரேடியோ, துருப்பிடித்த பூட்டு வரைக்கும் ஒன்றையும் விட மாட்டாள். ஒருமுறை தர்மனின் ரேஷன் கடை மண்ணெண்ணெய்த் தகரத்துக்குக்கூட வைத்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்குடி பொட்டு?" என்று தர்மன் கேட்டதற்கு, "அதுவும்தான் கடைக்குப் போயி கியூவுல நிக்குது. நீங்க மட்டுந்தான் ஒழைக்கறீங்களாக்கும்" என்றாள்.

அவளுக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது கரண்டிடம்தான். சுவிட்சைக்கூடத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் போடுவாள். அமிர்தலிங்கம் அந்த வீட்டுக்கு இரண்டு டியூப்லைட் கொண்டுபோனபோது அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஒன்றைக் கூடத்தில் மாட்டினான். இன்னொன்றை அடுக்களையில் மாட்டினான். அடுக்களைக் கூரை தாழ்ந்தது. ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றால் விளக்கு கைக்கு எட்டிவிடும். அதனாலேயே அவன் அன்று வழக்கத்தைவிடக் கவனமாக இருந்தான். இரண்டு தகரத்தையும் ஒரே கம்பியில் கோத்து, மரச் சட்டத்தின் மேலேயே இழுத்துக் கொண்டுபோய்க் கொல்லையில் அடிபம்பில் முறுக்கினான். ஒரு பல்பை எடுத்து, அதன் ஒரு முனையைக் கரண்ட் ஒயரிலும் மறுமுனையைப் பம்பிலிருந்து வந்த கம்பியிலும் தொட்டுப் பார்த்தான். பல்பு பிரகாசமாக எரிந்தது. எர்த்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"கொளஞ்சி, உள்ள வா. வந்து தொடு."

"நான் மாட்டேன் சாமி. எனக்கு என்ன வேண்டுதலையா?"

"ஒண்ணும் பண்ணாது. நான் தொட்டிருக்கேன் பாரு."

அவன் உள்ளங்கை முழுவதையும் தகரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டுக்கல்லில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் தொட்டாள். கண்ணைத் திறந்தாள். முழுக் கையையும் வைத்தாள்.

"சில்லுனு இருக்குண்ணே" என்றாள். "நம்ம கெடாரிக் கொம்பு மாதிரி."

அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு பெருமையாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் விளக்கைத் தட்டித் தட்டிக் காட்டுவாள். எங்க அண்ணன் மாட்டுனது, அடிக்காது என்பாள். அடுத்த ஆயுத பூசைக்கு இரண்டு விளக்குகளின் நெற்றியிலும் மூன்று விபூதிக் கோடும் சந்தனமும் குங்குமமும் ஏறின. வீட்டில் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துக் கடைசியாக விளக்குக்கு வைப்பாள். கூடத்து விளக்குக்கு முதலில், அடுக்களை விளக்குக்கு அப்புறம்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் அந்தப் பக்கத்துப் பம்புகள் எல்லாம் காற்றுதான் கக்கின. போன மாதம், ஆவணியில் ஒருநாள் அரியலூர்ச் சந்தையில் தர்மனைப் பார்த்தபோது அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"பம்பு செத்துப்போச்சு மச்சான். குழாய உருவிட்டோம். வடக்கால போர் போட்டு பிளாஸ்டிக் குழாய் எறக்கியிருக்கு."

"நான் கட்டுன கம்பி?"

"பத்திரமா சுருட்டி ஆணில மாட்டி வச்சிருக்கேன். தொலையாது."

"கொல்லையில ஈரமான எடமாப் பாத்து ஒரு குழி வெட்டி வைங்க மாப்ள. இடுப்பளவுக்கு. நான் கரியும் உப்பும் எடுத்துட்டு வந்து போட்டுத் தரேன்."

கரி மூட்டை வாங்கினான். உப்பும் வாங்கினான். இரண்டும் அவன் வீட்டில், கதவுக்குப் பின்னால், இன்றைக்கும் இருக்கின்றன. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்றாலும் வேலை ஓயவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போயிற்று.

இப்போது சிங்காரவேலு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அவன் யோசித்தது ஒன்றே ஒன்று. அதுவரைக்கும் லைட்டைத் தொடாதீங்க என்று அன்று சந்தையில் சொன்னோமா? குழி வெட்டச் சொன்னது நினைவிருக்கிறது. இடுப்பளவு என்று கையால் காட்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தர்மன் விதைக் கடலையைப் பற்றி ஏதோ கேட்டான். அதற்கு நடுவில் சொன்னோமா?

அவனே ஒரே கம்பியில் கோத்த இரண்டு விளக்குகள். கம்பியின் முனை மண்ணில் இல்லை, ஆணியில் தொங்குகிறது. இனி ஒரு சோக்கு கெட்டால் இரண்டு விளக்கிலும் கரண்ட் ஏறும். காப்பாற்றுவதற்காகப் போட்ட கம்பியே இரண்டாவது விளக்குக்கும் கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சாவியை எதிர் வீட்டில் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு அவன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். கொளஞ்சியின் ஊரில் போன் கிடையாது. போஸ்ட் ஆபீஸ் இன்று திறக்காது. நேரில் போவதைத் தவிர வழி இல்லை. அவர்கள் ஊரில் உச்சிப் பொழுதுக்குத்தான் படைப்பார்கள். அதற்கு முன்னால்தான் அவள் துடைக்க ஆரம்பிப்பாள். விளக்கு கடைசியில்தான். நேரம் இருக்கிறது என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுவதும் மாலை போட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து, புறப்படாமல் நின்றன. உடையார்பாளையம் வழியாகப் போகும் பஸ்ஸின் டிரைவர் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுப்பீங்கண்ணே?"

"ஐயரு வரணும். பூசை முடியணும். பூசணிக்காய் ஒடைக்கணும். அப்புறம்தான்."

"எந்தங்கச்சி உசுரு போற விஷயம்ணே."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். "இன்னிக்கு வந்தவன் எல்லாம் இதத்தான்யா சொல்றான். இப்பத்தான் ஒருத்தன் மாமியா உசுரு போவுதுன்னான். கையில பாத்தா மூணு கிலோ பொரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அமிர்தலிங்கம் சட்டைப் பையில் சொருகியிருந்த குறட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். குறட்டின் கைப்பிடியில் குங்குமம் கலைந்திருந்தது.

"பூசையில வச்சத எடுத்துட்டு வந்திருக்கியே" என்றார் மெதுவாக. "ஐயரு வராம நான் வண்டியத் தொட முடியாது தம்பி. ரோட்டுப் பக்கம் போ. லாரிக்காரனுவ சில பேரு விடியறதுக்குள்ளயே பூசையப் போட்டுடுவானுவ."

சாலையில் நின்று அவன் வந்த வண்டிக்கெல்லாம் கையை நீட்டினான். ஒரு மாட்டு வண்டியைக்கூட நிறுத்தப் பார்த்தான். கடைசியில் சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் பெயர் அங்கமுத்து என்று கண்ணாடிக்கு மேல் எழுதியிருந்தது. ஜெயங்கொண்டம் போகிறவர்.

ஏறி உட்கார்ந்ததும் அமிர்தலிங்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அங்கமுத்துவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்.

"லைட்டு அணைச்சிருந்தா ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"பழைய வயரிங்குண்ணே. எந்த ஒயர் சுவிச்சுக்குப் போவுதுன்னு அந்தக் காலத்துல பாக்காம போட்டிருப்பானுவ. அணைச்சாலும் லைட்டுக்குள்ள கரண்ட் நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நான்தான் அத மாத்தியிருக்கணும்" என்றான்.

"சோக்கு கெட்டாத்தான? ஒன் தங்கச்சி வூட்டுச் சோக்கு நல்லாருக்கலாம்ல."

"இருக்கலாம்."

"அப்ப ஏன் சாவுற மாதிரி ஒக்காந்திருக்க. கரண்ட் போயிருச்சுன்னாகூடத் தப்பிச்சுக்கும். தெனம் போவுதுல்ல, இன்னிக்கும் போவும்."

அந்த வார்த்தை அமிர்தலிங்கத்தைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருஷமாக மக்கள் கரண்ட் போனதற்கு அவனைத் திட்டியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்ட் போக வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். வழியெல்லாம் கோயில்களிலும் மில்களிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் ஊர் நெருங்கும்போதும் தலையை வெளியே நீட்டிக் காதைக் கொடுத்தான். அம்மன் பாட்டு கேட்டால் அந்த ஊரில் கரண்ட் இருக்கிறது. கைகாட்டி என்ற ஊரில் கேட்டது. அதைத் தாண்டி ஒரு மாவு மில்லில் கேட்டது. ஓர் இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான். லாரி ஒரு வளைவு திரும்பியதும் எதிர்க் காற்றில் பாட்டு வந்து காதில் மோதியது.

"மாலையக் கொஞ்சம் ஒதுக்குப்பா, ரோடு தெரியல" என்றார் அங்கமுத்து. அமிர்தலிங்கம் கண்ணாடிக்கு முன்னால் ஆடிய செவ்வந்தி மாலையைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தான்.

தர்மன் ஆணியில் சுருட்டி வைத்த கம்பியை நினைத்தான். அவள் சுவிட்சுக்குத் துணி சுற்றிய காலத்தை நினைத்தான். அவள் பயத்தோடு இருந்திருந்தால் இன்றைக்கு விளக்கின் பக்கமே போயிருக்க மாட்டாள். பயத்தைப் போக்கியது அவன். கண்ணைத் திறந்து அவள் சிரித்தபோது அவனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்தக் கம்பி மண்ணில் இருக்கும் வரைக்கும்தான் அடிக்காது என்று அன்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வேலையைத் தெரிந்தவனுக்கு அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

உடையார்பாளையத்தில் லாரியிலிருந்து குதித்தான். வாடகைச் சைக்கிள் கடையில் சைக்கிள்களை எல்லாம் கழுவி, வரிசையாக நிறுத்தி, கைப்பிடிக்குக் கைப்பிடி பூச் சுற்றியிருந்தார்கள். கடைக்காரர் படைத்துக்கொண்டிருந்தார். அமிர்தலிங்கம் கேட்கவில்லை. ஒரு சைக்கிளை வரிசையிலிருந்து உருவினான். பக்கத்துச் சைக்கிள் சரிந்தது. கடைக்காரர் பின்னால் கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றுவிட்டார்.

தெற்கே மண்பாதை. இரண்டு பக்கமும் முந்திரி. இரண்டு நாளைக்கு முன்னால் மழை பெய்திருந்தது. சக்கரம் செம்மண்ணில் புதைந்தது. இறங்கித் தள்ளினான், ஏறினான், மறுபடி இறங்கினான். காட்டுக்கு நடுவில் வந்தபோது ஊரின் பாட்டு காதில் விழுந்தது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. கொளஞ்சியின் தெருக்கோடியில்தான் கோயில். பாட்டு தெளிவாக, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சைக்கிளை மிதிக்க மிதிக்க அது பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

திடீரென்று ஓர் அடியின் நடுவில் பாட்டு நின்றது.

அமிர்தலிங்கம் காலை ஊன்றி நின்றான். காற்று முந்திரி இலைகளில் அலைந்தது. வேறு சத்தம் இல்லை. பாட்டு மறுபடி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். வரவேயில்லை.

கரண்ட் போய்விட்டது.

அவன் கையை எடுத்து அந்தப் பாட்டு வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு நிதானமாகச் சைக்கிளில் ஏறினான். நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. போனதும் முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். பூசையில் வைத்த டெஸ்டரையா எடுத்துக்கிட்டு வந்தே, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று கொளஞ்சி ஒரு பாடு திட்டுவாள். திட்டட்டும். அவள் கையால் இதற்கு இன்னொரு பொட்டு வைக்கச் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும்போது சைக்கிள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

காடு முடிந்து ஊர் தெரிந்தது. கோயில் தெரிந்தது. கோபுரத்திலிருந்து எதிர் வேப்பமரம் வரைக்கும் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். சிவப்பும் பச்சையுமாக அவை அந்தப் பகல் வெளிச்சத்தில் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன.

அவன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

ரேடியோ செட்டுக்காரன் கோயில் ஓரத்தில் இசைத்தட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து ஊர்க்காரன். அமிர்தலிங்கம் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"ஏன் பாட்ட நிறுத்திட்டீங்க?"

"தெருவுல ஒரு சாவுங்க. இப்பத்தான். தர்மன் பொஞ்சாதி" என்றான் அவன். "சாவு விழுந்த தெருவுல பாட்டுப் போடலாமுங்களா."

அதற்குப் பிறகு கேட்ட சத்தங்கள் எல்லாம் அமிர்தலிங்கத்துக்கு வெகு தூரத்திலிருந்து வந்தன. அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வலது கையில் மூன்று விரலில் விபூதி ஈரமாக ஒட்டியிருந்தது. கூடத்து விளக்குக்கு வைக்கும்போது மரப் பெஞ்சு மேல் நின்றிருக்கிறாள். மரம் என்பதால் கரண்ட் அடிக்கவில்லை. அடுக்களையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆட்டுக்கல் நனைந்திருந்தது. ஈரக் காலோடு அதன் மேல் ஏறியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் பச்சையம்மாள்தான் அருகில் நின்றவள். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "பாத்து ஏறுடி, கரண்டுன்னேன். அண்ணன் மாட்டுனது அடிக்காதுன்னுட்டு ஏறுனா."

தர்மன் அழவில்லை. எழுந்து வந்து மைத்துனனின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிடியில் அவனைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"குழி வெட்டி வச்சிருக்கேன் மச்சான்" என்றான். "நீங்க சொன்ன மாதிரிதான். இடுப்பளவு. ஈரமான எடம். சரியா இருக்கா பாருங்க."

குழி சரியாக இருந்தது. ஓரம் சிதையாமல், சதுரமாக வெட்டியிருந்தான். அடியில் மழைத் தண்ணீர் நின்றது.

"எறங்கிப் பாருங்க மச்சான். நான் அளந்துதான் வெட்டுனேன்."

"சரியா இருக்கு மாப்ள."

"அப்ப ஏன் மச்சான்?" என்றான் தர்மன். இரண்டு பேரும் அந்தக் குழியின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ வந்து தூக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சிங்காரவேலுவின் மனைவி பாப்பாயி பிழைத்துக்கொண்டாள். வலது கையை மட்டும் முழுவதும் மடக்க முடியாமல் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள் அமிர்தலிங்கம் கரி மூட்டையையும் உப்பையும் பஸ்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழியில் நின்ற தண்ணீரை இறைத்தான். ஒரு அடுக்குக் கரி, ஒரு அடுக்கு உப்பு என்று கொட்டி, நடுவில் குழாய் இறக்கி, மூடினான். ஆணியில் இருந்த கம்பியை எடுத்துக் குழாயில் முறுக்கினான். சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை மாற்றினான். இரண்டு சோக்கையும் கழற்றிப் பார்த்தான். கெட்டிருந்தது கூடத்துச் சோக்கு. அடுக்களைச் சோக்கில் ஒரு குறையும் இல்லை. புதிதாக இரண்டு சோக்கு மாட்டினான். பல்பை வைத்து எர்த்தைப் பார்த்தான். நன்றாக எரிந்தது.

அதன் பிறகு வேலையை அவன் விடவில்லை. விட்டால் யார் போய்ப் பார்ப்பது என்றான். தான் விளக்கு மாட்டிய வீடுகளுக்கெல்லாம் கூப்பிடாமலே போய்க் கொல்லையில் பம்பு இருக்கிறதா என்று பார்த்தான். சில வீடுகளில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். விளக்கு அடிக்காது என்ற வார்த்தையை மட்டும் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. எண்பத்தெட்டில் காமாலை வந்து அவன் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் குறட்டையும் டெஸ்டரையும் எந்த ஆயுத பூசைக்கும் பலகையில் வைக்கவில்லை.

தர்மன் அந்த விளக்குகளைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை. கூடத்து விளக்கின் நெற்றியில் மூன்று விபூதிக் கோடும் சந்தனமும் குங்குமமும் இருக்கின்றன. அடுக்களை விளக்கில் இருப்பது இரண்டு கோடுதான்.